காம்புக்குள் நிற்கும் நீர்

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலை வலம் வருகிறவர்கள் வடபுறப் படிக்கட்டை ஒட்டியிருக்கும் சண்டேச அனுக்கிரகமூர்த்தி சிற்பத்தின் முன்னால் நின்றுவிடுவார்கள். உமையோடு அமர்ந்த சிவபெருமான், காலடியில் கைகூப்பித் தலைகுனிந்திருக்கும் சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். பெரியபுராணக் கதைப்படி அது அவர் தம் சடையில் சூடியிருந்த கொன்றை மாலை. கோயிலைக் கட்டியவன் முதலாம் ராஜேந்திர சோழன் (1014–1044). சண்டேசர் உருவில் குனிந்திருப்பது ராஜேந்திரனே என்று கருதுகிற கலை வரலாற்றாளர்களும் உண்டு. எனக்கு அந்தச் சிற்பத்தில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. பறித்த பூவுக்கு ஒரு தமிழ்க் கோயில் கொடுத்த உச்ச மரியாதை அது. அந்த மரியாதை காம்பு நீங்கிய பூவுக்கு, ஒரு நாள் பூவுக்குக் கிடைத்தது.

நம்மவர்கள் பூவைக் கையாண்ட முறை பெரும்பாலும் அப்படித்தான். காம்பைக் கிள்ளி எறிந்து, பூவை நாரில் தொடுத்து, அன்றைக்கே சூட்டி, மறுநாள் களைந்துவிடுவார்கள். சோழர் கல்வெட்டுகளில் திருநந்தவனத்துக்கும் திருப்பள்ளித்தாமத்துக்கும் நிலம் விட்ட செய்திகள் ஏராளமாக வருகின்றன. நாள்தோறும் புதுப் பூ வந்தாக வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை ஏற்பாடு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் ரோஜா இல்லை. பின்னாளில் வந்து சேர்ந்த ரோஜாவையும் நாம் பழைய வழக்கத்துக்குள்ளேயே இழுத்துக்கொண்டோம். பன்னீர் ரோஜாவைக் கிள்ளி மாலைக்கு இடையில் வைத்தோம், உதிர்த்துத் தட்டில் பரப்பினோம்.

நீளக் காம்போடும் இலையோடும் வெட்டி, ஒரு வாரம் தண்ணீரில் நிறுத்தி வைக்கும் ரோஜா நம் வீடுகளுக்குள் வந்து அதிக காலம் ஆகவில்லை. ஜெயங்கொண்டத்திலும் அரியலூரிலும் இன்று பிறந்தநாளுக்கும் வரவேற்புக்கும் அந்த ரோஜாவைத்தான் வாங்குகிறார்கள். அதைக் காப்பதற்கான அறிவு வேறு. ஒரு நாள் பூவுக்கான கைப்பக்குவத்தை அதன்மேல் அப்படியே காட்டினால் மூன்றாம் நாளே கழுத்து தொங்கிவிடும். பூ விற்கிறவரை ஏமாற்றுக்காரர் என்று திட்டிவிட்டுக் குப்பையில் போடுகிறோம். உண்மையில் அந்தப் பூக்களில் பாதிக்கு மேல் முதுமையால் சாகவில்லை என்பது என் உறுதியான எண்ணம். அவை தாகத்தால் செத்தவை.

வெட்டிய ரோஜா உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது. கையிருப்புச் சர்க்கரையை எரிக்கிறது. இதழ்களை விரிக்கிறது. இலைகளின் வழியே நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. சரத்தில் இருக்கும் பூவுக்கு நீர் வரவு கிடையாது, செலவு மட்டும்தான். அதனால் செலவைக் குறைக்க ஈரத்துணி போர்த்துகிறோம், ஊறவைத்த வாழைநாரில் தொடுக்கிறோம். காம்பு ரோஜாவுக்கு வரவு உண்டு. அந்த வரவு முழுவதும் நுழைவது காம்பின் அடியில் வெட்டுப்பட்ட, பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு வட்டத்தின் வழியாக. இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்த வட்டத்தைப் பற்றியது.

கங்கை வரை சென்று திரும்பிய படை கொண்டுவந்த நீரை ராஜேந்திரன் சோழகங்கம் என்ற பேரேரியில் சேர்த்தான். இன்று பொன்னேரி என்று அழைக்கப்படும் அந்த ஏரியை, நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு வருணிக்கிறது. நீர் தூணாக நிற்குமா? செடிகளுக்குள் நிற்கிறது. ரோஜாக் காம்பை ஊடறுத்துச் செல்லும் சைலம் என்ற நீர்க்குழல்கள் தலைமுடியைவிட மெல்லியவை. வேரிலிருந்து இலை வரை அவற்றுக்குள் இடைவெளியே இல்லாமல் நீர் நிற்கிறது. இலையின் நுண்துளைகளில் நீர் ஆவியாகும்போது, போன நீர் தனக்குப் பின்னால் இருக்கும் நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதால் அந்த இழுவை அறுபடாமல் வேர் வரை இறங்குகிறது. செடிக்குள் நீரை மேலே தள்ளும் பம்பு எதுவும் தேவைப்படவில்லை, மேலிருந்து இழுப்பதே போதும் என்று 1894இல் விளக்கியவர்கள் டப்ளினைச் சேர்ந்த ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும். அன்று பலர் இதை நம்பவில்லை. இன்று பாடப்புத்தகங்களில் இருப்பது அவர்கள் சொன்னதுதான்.

ஆக, காம்புக்குள் இருக்கும் நீர் சும்மா நிரம்பி நிற்பதல்ல. அது இழுபட்டு, விறைத்து நிற்கிறது. கத்தரி படும் நொடியில் அந்த விறைப்பு அறுகிறது. வெட்டுவாயில் இருந்த நீர் சட்டென்று உள்ளே பின்வாங்க, அந்த இடத்தில் காற்று புகுந்துகொள்கிறது. அதன்பிறகு காம்பைத் தண்ணீரில் வைத்தாலும், தண்ணீருக்கும் மேலே இருக்கும் நீருக்கும் நடுவே காற்றுத்துண்டு அடைத்துக்கொண்டு நிற்கும். வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ வாடுவது இப்படித்தான்.

காற்று எவ்வளவு தூரம் உள்ளே போகும்? இதற்குப் பதில் சொல்ல பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரம் நமக்கு உதவும். எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த அந்தக் கல்லான அடிமரம் 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி ஆண்டுப் பழைமை. அது பூக்காத இனம், இன்றைய பைன் மரங்களின் கூட்டத்தைச் சேர்ந்தது. பூக்கும் தாவரங்கள் நிலமெங்கும் நிறைவதற்கு முன்பு வாழ்ந்தது. அந்த இன மரங்களில் நீர் போகும் பாதை, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மூடிய செல்களின் தொடர். ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு நீர் பக்கவாட்டுக் குழிகளின் வழியே கசிந்துதான் போக வேண்டும். பயணம் மெதுவானது, ஆனால் பாதுகாப்பானது: ஒரு செல்லில் காற்று புகுந்தால் சேதம் அந்தச் செல்லோடு நின்றுவிடும்.

பின்னால் வந்த பூக்கும் தாவரங்கள் வேறு வழியைப் பிடித்தன. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய செல்களின் குறுக்குச் சுவர்கள் கரைந்து, நீண்ட அகன்ற குழாய்கள் உண்டாயின. குழாயின் ஆரம் இரட்டித்தால் அதில் ஓடும் நீர் 16 மடங்காகும் என்பது இயற்பியல் விதி. அகன்ற இலையும் பெரிய இதழும் வைத்துக்கொள்ளும் துணிச்சல் இந்தக் குழாய்களால் வந்தது. கூடவே ஆபத்தும் வந்தது. ரோஜாவில் பெரும்பாலான குழாய்கள் சில சென்டிமீட்டர்தான் நீளம், சில மட்டும் பத்து சென்டிமீட்டரையும் தாண்டும். வெட்டியதும் காற்று அந்தந்தக் குழாயின் முடிவு வரை போய்விடும். அதற்கு மேல் அடுத்த குழாய்க்குள் அது எளிதில் நுழைய முடியாது. குழாயும் குழாயும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் சல்லடைச் சவ்வின் துளைகள் அவ்வளவு நுண்ணியவை. நீர் கடக்கும், காற்றுக்குமிழி நின்றுவிடும்.

இந்த ஒரு செய்தியிலிருந்துதான் ரோஜாப் பராமரிப்பின் முதல் விதி பிறக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்த ரோஜாவின் காம்பை அப்படியே தண்ணீரில் வைக்காதீர்கள். அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டரை மறுபடி வெட்டுங்கள். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, காம்பின் அடியை அதற்குள் அமிழ்த்தி, தண்ணீருக்கு அடியிலேயே வெட்டுவது இன்னும் நல்லது. கொஞ்சம் மேலே தள்ளி வெட்டும்போது, இதுவரை வாய் திறக்காத புதிய குழாய்கள் திறக்கின்றன. அவற்றின் வாயில் முதலில் புகுவது காற்றாக இல்லாமல் தண்ணீராக இருக்க வேண்டும். தண்ணீருக்குள் வெட்ட வசதியில்லையா? வெளியில் வெட்டி, தாமதிக்காமல் உடனே தண்ணீரில் வையுங்கள். சில நொடிகளில் பெரிய கேடு வந்துவிடாது. வெட்டிய காம்பை மேசைமேல் போட்டுவிட்டு அலைபேசியில் பேசப் போவதுதான் கேடு.

கத்தி கூராக இருக்கட்டும். மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கிவிடும், குழாய்களின் வாய் ஒட்டிக்கொள்ளும். காம்பின் அடியைச் சுத்தியலால் தட்டினால் தண்ணீர் நன்றாக ஏறும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தவறு. நசுங்கிய செல்களிலிருந்து வடியும் சாறு கிருமிகளுக்கு விருந்தாகும். சாய்வாக வெட்டச் சொல்வதற்கு ஒரே காரணம், காம்பின் அடி பாத்திரத்தின் தரையில் தட்டையாக உட்கார்ந்து அடைபடக் கூடாது என்பதுதான். சாய்வாக வெட்டினால் கூடுதல் நீர் ஏறும் என்பது உண்மையல்ல. திறக்கும் குழாய்களின் எண்ணிக்கை அதேதான்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை. வெள்ளை ரோஜா ஒன்றை எடுத்து, காம்பின் அடியை நெட்டுக்குத்தாக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சிவப்பு மை கலந்த நீரிலும் மறு பாதியை நீல மை கலந்த நீரிலும் வையுங்கள். சில மணி நேரத்தில் இதழ் நரம்புகளில் நிறம் தெரியத் தொடங்கும். மறுநாள் காலை பூவின் ஒரு பக்கம் சிவந்தும் ஒரு பக்கம் நீலம் பாரித்தும் இருக்கும். பிறகு காம்பைக் குறுக்கே மெல்லிய வில்லையாகச் சீவி, கைலென்சில் பாருங்கள். பட்டைக்கு உட்புறம் வளையமாக மை ஏறிய புள்ளிகள் நிற்கும், நடுவில் இருக்கும் வெண்மையான சோறு நிறமேறாமல் இருக்கும். நீர் ஏறும் இடம் அந்த வளையம் மட்டும்தான்.

அடுத்த எதிரி தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. மூன்று நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் நாற்றம் எல்லோருக்கும் தெரியும். அந்த நாற்றம் வருவதற்கு வெகு முன்பே பாக்டீரியா தன் வேலையை முடித்திருக்கும். கையிலிருந்தும், இலையிலிருந்தும், கழுவாத வாளியிலிருந்தும் அவை வருகின்றன. சாதகமான சூழலில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரே ஒரு பாக்டீரியா, 12 மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சமாகிவிடும். அவையும் அவை சுரக்கும் கொழகொழப்பும் மேலே ஏறும் நீரோடு இழுபட்டுப் போய் வெட்டுவாயில் அடைத்துக்கொள்கின்றன. குழாய்களுக்கு இடையில் காற்றைத் தடுத்த அதே சல்லடைச் சவ்வுகளில் இந்தக் குப்பையும் சிக்கிக்கொள்ளும். ரோஜாவின் நீர்ப்பாதை அடைபடுவதற்குப் பாக்டீரியாவே முதன்மைக் காரணம் என்பதை நெதர்லாந்து ஆய்வாளர் வூட்டர் வான் டோர்ன் பல ஆண்டுகள் ஆராய்ந்து நிறுவினார்.

தண்ணீருக்குள் அமிழும் இலைகளை எல்லாம் நீக்கிவிட வேண்டும் என்பது இதனால்தான். ஊறி அழுகும் இலை கிருமிகளுக்குத் தீனி. மேலே உள்ள இலைகளை விட்டுவிடுங்கள், மொட்டையடிக்க வேண்டாம். நீரை மேலே இழுப்பவை அவைதான், பூவுக்குச் சிறிது உணவும் தருகின்றன. முள்ளை நீக்கும்போது பட்டையைக் கிழித்துவிட்டால் கிருமிக்குப் புதுவாசல் திறந்ததாகிவிடும். பூச்சாடியை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். சாப்பிடும் தட்டுக்கு என்ன சுத்தம் பார்ப்போமோ அந்தச் சுத்தம் வேண்டும்.

தண்ணீரில் என்ன கலக்கலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். செப்புக்காசு போடலாம் என்பது ஒன்று. செம்பு கிருமியைக் கொல்லும் என்பது சரிதான். ஆனால் நம் பையில் இருக்கும் இன்றைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகு, அவற்றால் பயன் இல்லை. ஆஸ்பிரின் மாத்திரை போடுவார்கள். அது தண்ணீரைச் சிறிது அமிலமாக்கும், அவ்வளவுதான். எலுமிச்சைச் சுவையுள்ள சோடா பானம் ஊற்றுவதில் மட்டும் பாதி நியாயம் இருக்கிறது. அதில் சர்க்கரையும் இருக்கிறது, சிட்ரிக் அமிலமும் இருக்கிறது. கிருமிநாசினி இல்லாமல் சர்க்கரையை மட்டும் கொடுத்தால் பூவுக்கு முன்னால் கிருமிதான் அதைச் சாப்பிடும் என்பது மீதிப் பாதி.

பூக்கடைகளில் கிடைக்கும் பூ உணவுப் பொட்டலத்தில் மூன்று பொருள்கள் இருக்கும்: சர்க்கரை, அமிலம், கிருமிநாசினி. வீட்டில் செய்வதானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, விதையும் சக்கையும் இல்லாமல் வடிகட்டிய எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி, துணி வெளுக்கும் குளோரின் திரவம் கால் தேக்கரண்டி போதும். எலுமிச்சைச் சாற்றையும் குளோரின் திரவத்தையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றின்மேல் ஒன்று ஊற்றாதீர்கள், நச்சுவாயு கிளம்பும். ஒன்றை முழு லிட்டர் தண்ணீரில் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். இது எதுவும் முடியாவிட்டால் தினமும் தண்ணீரை மாற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் காம்பை அரை அங்குலம் வெட்டி வந்தாலே போதும். என் அனுபவத்தில் இந்த எளிய வழி மற்ற வைத்தியங்களுக்குச் சளைத்ததல்ல.

அமிலம் எதற்கு? புளிப்பேறிய நீரில் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும். அத்தோடு அமில நீர் காம்புக்குள் சுலபமாகவும் ஏறுகிறது. பி.எச். அளவு 3.5 முதல் 4 வரை இருப்பது ரோஜாவுக்கு உகந்தது. இந்த இடத்தில் அரியலூர் மண் குறுக்கிடுகிறது. கிரெட்டேசியக் காலத்தில் இங்கே கடல் இருந்தது. அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் வாழ்ந்து மடிந்த அந்தக் கடலின் படிவுகளை வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் இந்த வட்டாரத்தைச் சிமெண்டு ஆலைகளின் ஊராக்கியது. சுண்ணாம்புப் பாறை வழியே இறங்கும் மழைநீர், கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் கரைத்துக்கொள்கிறது. அண்டாவில் வெள்ளையாகப் படியும் உப்பு அதுதான். பைகார்பனேட் நிறைந்த தண்ணீரில் நீங்கள் பிழியும் எலுமிச்சையின் புளிப்பு அங்கேயே செலவாகிவிடும், பூவுக்கு மிஞ்சாது. எனவே போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் மழைநீரையோ கேன் தண்ணீரையோ பயன்படுத்துவது நல்லது. போர் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் எலுமிச்சையைக் கூட்டிப் பிழிந்து, பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பி.எச். தாளால் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்துக்கு ஒரு சோதனை போதும், உங்கள் ஊர்த் தண்ணீருக்கு எத்தனை மூடி எலுமிச்சை என்பது தெரிந்துவிடும்.

சர்க்கரையின் வேலை நுட்பமானது. செடியை விட்டுப் பிரிந்த மொட்டுக்கு வீட்டு அறையின் மங்கலான வெளிச்சத்தில் போதுமான உணவு தயாராவதில்லை. இதழ் விரிவது என்பது இதழின் ஒவ்வொரு செல்லும் நீரை இழுத்துப் பெருப்பதுதான். நீரை உள்ளே இழுக்கச் செல்லுக்குள் சர்க்கரை இருக்க வேண்டும். சர்க்கரை தீர்ந்தால் மொட்டு பாதி விரிந்த நிலையிலேயே நின்றுவிடும். சிவப்பு ரோஜாவில் இந்தப் பற்றாக்குறையை நிறமே காட்டிக்கொடுக்கும். நான்கைந்து நாள் ஆன பூவின் வெளியிதழ் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சிவப்பு மங்கி ஊதாவும் நீலமுமாகப் படர்ந்திருக்கும். சர்க்கரை இல்லாத செல் தன் புரதத்தையே உடைத்து எரிக்கத் தொடங்குகிறது. அதில் அம்மோனியா வெளிப்பட, செல்சாற்றின் அமிலத்தன்மை குறைகிறது. சிவப்பு நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின், அமிலத்தில் சிவந்தும் அமிலம் குறையும்போது நீலம் பாரித்தும் காட்டும் பொருள். லிட்மஸ் தாளில் நாம் பார்க்கும் மாற்றம் இதழிலேயே நடக்கிறது. நீலம் படர்ந்த ரோஜா வயதான ரோஜா என்று பலர் நினைக்கிறார்கள். பட்டினி கிடந்த ரோஜா என்பதே பொருத்தம்.

இனி வெயில். நம் கடைகளுக்கு வரும் காம்பு ரோஜாக்கள் பெரும்பாலும் ஓசூர், பெங்களூரு பக்கத்திலிருந்து வருகின்றன. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் இதமான குளிரும் பசுமைக்குடில்களும் தாஜ்மகால் போன்ற சிவப்பு வகைகளுக்கு ஏற்றவை. அங்கே அமுதகொண்டப்பள்ளியில் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவின் பங்கேற்போடு அமைந்த டான்ஃப்ளோரா பூப் பண்ணைகள், பிப்ரவரி 14ஐ ஒட்டி வெளிநாடுகளுக்கு அனுப்பும் ரோஜாக்களுக்குப் பேர்பெற்றவை. ஏற்றுமதிப் பூவை வெட்டிய கையோடு நீர் வாளியில் வைத்து, குளிர் அறைக்குக் கொண்டுபோய், 2 முதல் 4 டிகிரி வரை குளிர்வித்து, அந்தக் குளிர் விடாமலே விமானம் ஏற்றுவார்கள். உள்ளூர்ச் சந்தைக்கு வரும் கட்டுக்கு அந்த யோகம் கிடைப்பதில்லை. இருபது இருபதாகக் கட்டி, அட்டையில் சுற்றி, 300 கிலோமீட்டருக்கு மேல் பேருந்திலோ வேனிலோ தண்ணீர் இல்லாமல் வருகிறது.

வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பூவின் சுவாசம் இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. அப்படியானால் 2 டிகிரியில் இருந்த பூ 32 டிகிரிக்கு வந்தால் 8 முதல் 27 மடங்கு வேகத்தில் தன் இருப்பை எரிக்கிறது. வழியில் ஒரு பகல் என்பது குளிர் அறையில் ஒரு வாரத்துக்குச் சமம், சில வேளை அதற்கும் மேல். அரியலூர்ச் சித்திரை வெயிலில் கடை வாசலில் நாள் முழுக்க நின்ற ரோஜாவை வாங்கி வந்து, ஒரு வாரம் இருக்கும் என்று எதிர்பார்ப்பது அந்தப் பூவுக்கு அநியாயம். வீட்டில் ஜன்னல் வெயில் படாத மூலையில், மின்விசிறிக் காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். காற்று வேகமாக வீசினால் இலைகள் இழக்கும் நீர் கூடும், காம்பு ஈடுகொடுக்க முடியாது.

எந்தப் பருவத்தில் வெட்டினார்கள் என்பதும் விதியைத் தீர்மானிக்கிறது. புறவிதழ்கள் கீழ்நோக்கி மடங்கி, வெளியிதழ் ஒன்றிரண்டு பிரியத் தொடங்கும் மொட்டே வெட்டுவதற்கு ஏற்றது. இறுகிய மொட்டாக அவசரப்பட்டு வெட்டினால், பூவுக்குக் கீழே இருக்கும் கழுத்துப்பகுதி உள்ளே வலுப்பெற்றிருக்காது. நீர் கொஞ்சம் குறைந்தாலும் அந்த இடம்தான் முதலில் மடியும். வாங்கும்போது விரலால் மொட்டின் அடியை மெல்ல அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும். வெளியிதழ் சற்றுக் கறுத்து முரடாக இருந்தால் தயங்க வேண்டாம். அது உள்ளிதழ்களைக் காக்க விட்டுவைத்த காப்பிதழ், வீட்டில் கிள்ளிவிடலாம்.

பூஜையறையில் ரோஜா சீக்கிரம் உதிர்வதற்குத் தனிக் காரணம் உண்டு. வாழைத்தாரைப் பழுக்கவைக்க நம் ஊர்களில் புகைமூட்டம் போடும் பழக்கம் பழையது. மூடிய அறையில் புகையிலிருந்து வரும் எத்திலீன் என்ற வாயு காயைக் கனியாக்குகிறது. நிறமில்லாத இந்த வாயுதான் செடிகளைப் பாதிக்கிறது என்பதை 1901இல் புனித பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யுபோவ் கண்டறிந்தார். விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீனால் ஆய்வகத்துப் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்ந்ததை ஆராயப்போய்க் கிடைத்த விடை அது. கனியும் பழமும் எத்திலீனை வெளியிடும். பழத்துக்குக் கனிவு தரும் வாயு, பல ரோஜா வகைகளில் முதுமையை விரைவுபடுத்தி இதழை உதிர்க்கிறது. எல்லா வகையும் ஒன்றுபோல் பாதிக்கப்படுவதில்லை. ஆனாலும் வாழைப்பழத் தட்டும் ஊதுபத்தியும் ரோஜாச் சாடியும் ஒரே சின்ன அறையில் இருக்க வேண்டாம் என்பேன். ரோஜாவை ஃபிரிட்ஜில் வைப்பதானால் மாம்பழமும் வாழையும் ஆப்பிளும் அங்கே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எத்திலீனின் வேலையைத் தடுக்கும் ஒரு சேர்மத்தை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சிஸ்லரும் சில்வியா பிளாங்கன்ஷிப்பும் கண்டுபிடித்தார்கள். பெரிய பூ வணிகர்கள் இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டுக்கு அது தேவையில்லை, பழத்தட்டை நகர்த்தினாலே போதும்.

உதிரிப் பன்னீர் ரோஜாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோயில் வாசலில் அதிகம் விற்பது அதுதான். விடியலுக்கு முன்பே பறித்துவிடுவது நல்ல வழக்கம், செல்களில் நீர் நிறைந்திருக்கும் நேரம் அது. ஈரத்துணி விரித்த கூடையில் பூவை வைத்து, மேலேயும் ஈரத்துணி மூடுவது சரியான அறிவியல். துணிக்குள் காற்று ஈரமாக இருப்பதால் இதழிலிருந்து ஆவியாவது குறைகிறது. ஆனால் இதழின்மேலேயே மீண்டும் மீண்டும் தண்ணீர் தெளிப்பதை நான் ஏற்கவில்லை. இதழில் நீர்த்துளி சில மணி நேரம் தங்கினால் பாட்ரைடிஸ் என்ற பூஞ்சை முளைக்கும். முதலில் குண்டூசித் தலை அளவு பழுப்புப் புள்ளி, பிறகு சாம்பல் நிறப் பொடி, கடைசியில் கூடை முழுக்க அழுகல். பூவை ஃபிரிட்ஜில் பாலித்தீன் பையில் கட்டி வைத்தாலும் இதே கதை, பையின் உட்புறம் வியர்த்து வடியும் நீர் இதழில் சொட்டும். டப்பாவில் உலர்ந்த பருத்தித் துணியோ தாளோ விரித்து வைத்தால் அது அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

கழுத்து தொங்கிய காம்பு ரோஜாவை எறிவதற்கு முன் ஒரு முயற்சி செய்யுங்கள். அடியை மூன்று சென்டிமீட்டர் தண்ணீருக்குள் வெட்டி, பூ, இலை, காம்பு எல்லாவற்றையும் அகலத் தொட்டியில் வெதுவெதுப்பான நீரில் படுக்க வையுங்கள். கை சுகமாகப் பொறுக்கும் சூடு போதும். வெதுவெதுப்பான நீர் பிசுக்கு குறைந்தது, குழாய்களில் எளிதாக ஓடும். அமிழ்ந்திருக்கும்போது ஆவியாதலும் நின்றுவிடும். செலவே இல்லாத ஒரு மணி நேரத்தில் காம்பு பழைய பாக்கியைத் தீர்த்துக்கொள்கிறது. பிறகு கழுத்து நிமிர்ந்தபடி இருக்கும் வகையில் தாளில் சுற்றி, ஆழமான சுத்த நீரில் நிறுத்துங்கள். அடைப்பால் வாடிய பூ பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். இதழ் ஓரம் காகிதம்போல் உலர்ந்துவிட்ட பூ நிமிராது.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் கட்டு வந்ததும் பிரித்து, காம்பின் அடியை வெட்டி, கழுவிய வாளியில் புதுத் தண்ணீர் ஊற்றி, நிழலில் வையுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும், வாங்குகிறவர் வீட்டில் பூ இரண்டு மூன்று நாள் கூடுதலாக நிற்கும். வாங்குகிறவர்களும் இதழைப் பார்ப்பதற்கு முன் வாளித் தண்ணீரைப் பாருங்கள். அது கலங்கி வழுவழுப்பாக இருந்தால், மேலே மொட்டு எத்தனை அழகாக இருந்தாலும் அதன் காம்பு ஏற்கெனவே அடைபட்டிருக்கும்.